பிரசவப் பையில் தாய்க்கு என்ன இருக்கிறது?



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவள் நான் என்று உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். "இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா டீச்சர்?" என்று சிலருக்குத் தோன்றலாம். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததுதான் தப்பு என்று நினைக்கிறேன். ஆண் பிள்ளைகளும் கடைசிவரை படியுங்கள். உங்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் தம்பி மகளுக்கு வளைகாப்பு நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, "அத்தை, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போக லிஸ்ட் போட்டிருக்கேன், பாருங்க" என்று போனை நீட்டினாள். மொத்தம் 27 பொருள். துண்டு, தொப்பி, கையுறை, கொசுவலை என்று 23 பிள்ளைக்கு. சீப்பு, பிளாஸ்க், நைட்டி என்று மூன்று அவளுக்கு. கடைசி வரியில் 'பேட் - 1 பாக்கெட்'. என்ன பேட், என்ன அளவு, எத்தனை எண்ணம், ஒன்றும் இல்லை. உள்ளாடை என்ற சொல்லே இல்லை.

பிறப்பதற்கு முன் குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லும் வீடுகள் நம்மில் உண்டு. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் தாய்க்கு வாங்குவதை எந்தச் சாத்திரம் தடுத்தது?

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? நானே இதைப் படிக்காதவளாகத்தான் இருந்தேன். இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன்.

1988-இல் என் மூத்தவன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்போது எங்களுக்கு பேட் எல்லாம் தெரியாது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருப்பார் அம்மா. ஆறாம் நாள் உதிரம் கூடுதலாகப் போனது. "அழுக்கு ரத்தம், நல்லாப் போகட்டும்" என்றார். அவருக்கு அவர் அம்மா சொன்னது அது. சாயங்காலம் புழக்கடைக்குப் போனவள் அப்படியே விழுந்துவிட்டேன். வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "காலையிலிருந்து எத்தனை துணி நனைஞ்சது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. சிலதை நான் அலசியிருந்தேன், சிலதை அம்மா அலசியிருந்தார், யாரும் எண்ணவில்லை. நஞ்சின் சிறு துண்டு உள்ளே தங்கிவிட்டது என்றார்கள். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன்.

இவ்வளவு பட்டவள் மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு சிசேரியன் ஆனது. வயிற்றைத் திறந்து எடுத்தால் உதிரப்போக்கு அதிகம் இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பையில் அவள் மாதாமாதம் வாங்கும் சாதாரண பேட் ஒரு பாக்கெட். கல்யாணத்துக்கு முன் வாங்கிய அளவில் நான்கு ஜட்டி. மறுநாள் எழுந்து நடக்க வைத்தார்கள். ஜட்டியின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேல் உட்கார்ந்தது. பிள்ளை துடித்துப்போனாள். இருந்த பேட்டும் ராத்திரிக்குள் தீர்ந்தது.

மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பினோம். பாவம், எம்.எஸ்சி. படித்தவர். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். பிரித்தால், மெல்லிசான தினசரி லைனர். கடைக்காரர் "எந்த சைஸ்?" என்று கேட்டாராம். இவர் "நார்மல்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நானே கீழே இறங்கிப் போனேன். கவுன்டரில் இருந்தவன் என் மாணவன். "டீச்சர், நீங்களா? என்ன வேணும்?" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்து உரக்கப் பேசிய எனக்கு வாய் வரவில்லை. அலமாரியைக் கையால் காட்டினேன். அவன் சாதாரணமாகக் கேட்டான், "டெலிவரிக்கா டீச்சர்? நார்மலா, சிசேரியனா?" நீளமான மெட்டர்னிட்டி பேட் இரண்டு பாக்கெட்டும், முதல் இரண்டு ராத்திரிக்கு என்று டயப்பர் போல மாட்டும் பேன்ட் ஒரு பாக்கெட்டும் எடுத்து வைத்தான்.

திரும்பி மாடி ஏறும்போதுதான் நினைவு வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. அந்தப் பையனின் வகுப்பில், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவள் நான். நான் நடத்தாத பாடத்தை அவன் எங்கோ கற்றுக்கொண்டு எனக்கு நடத்தினான். விட்டுப்போன அந்தப் பாடத்தை இன்று நடத்திவிடுகிறேன்.

முதலில் இது எதற்காக வருகிறது என்பது. கருப்பையில் நஞ்சு ஒட்டியிருந்த இடம் ஒரு புண். அது ஆறும்வரை உதிரம் வரும். சுகப்பிரசவமானாலும் சிசேரியனானாலும் வரும். முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, அதிகமாக இருக்கும். பிறகு பழுப்பாகி, வெளுத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். படுத்து எழும்போதும் பால் கொடுக்கும்போதும் கொஞ்சம் கூடுதலாக வரும். பால் கொடுக்கையில் கருப்பை சுருங்குவதால் அப்படி. பயப்பட வேண்டாம்.

அடுத்தது பேட். நீளமான, தடித்த மெட்டர்னிட்டி பேட் நல்லது. கிடைக்காவிட்டால் கடையில் இருப்பதிலேயே பெரிய அளவு. மேல்பக்கம் பிளாஸ்டிக் வலைபோல் இருப்பது தையலில் உரசும், பஞ்சுபோல் மெத்தென்று இருப்பதைக் கேளுங்கள். வாசனை போட்டது வேண்டாம். உள்ளே வைக்கும் டாம்பன், கப் இரண்டையும் ஆறு வாரத்துக்குத் தொடக்கூடாது, கிருமி ஏறும். எத்தனை வேண்டும்? சின்னக் கணக்குதான். மூன்று மணிக்கு ஒன்று மாற்றினால் நாளைக்கு 8. மூன்று நாளைக்கு 24. சிசேரியனுக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாக இருக்க வேண்டி வரும், அதற்கும் சேர்த்து வையுங்கள்.

பிறகு ஜட்டி. உள்ளாடை என்று பூசி மெழுகாமல் ஜட்டி என்றே எழுதுகிறேன். ஆறு வேண்டும். பருத்தி, அடர் நிறம், வழக்கமான அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரியது. பிள்ளை பிறந்த அன்றே வயிறு உள்ளே போய்விடாது. எலாஸ்டிக் தொப்புளுக்கு மேலே நிற்கும் உயர இடுப்பு மாடலாக இருந்தால் சிசேரியன் தையலில் படாது. முன்பே வாங்கி ஒருமுறை துவைத்து வையுங்கள். முதல் ஒன்றிரண்டு நாளைக்கு மாட்டிக் கழற்றி எறியும் பேன்ட் வசதி, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

துணிதான் பழக்கம் என்றால் அதுவும் குற்றமில்லை. சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். கதவுக்குப் பின்னால், இன்னொரு துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் நம் பழக்கம்தான் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு 'புது யுகம்' திட்டத்தில் பேட் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். அது நம் உரிமை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பேட் என்பது சேலையில் கறை படாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. அது ஒரு அளவுகோல். பிரசவமான 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனால் அதை மிகை உதிரப்போக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் யாராலும் மில்லி கணக்கு பார்க்க முடியாது. பேட்டை எண்ண முடியும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெரிய பேட் முழுக்க நனைந்தால், முட்டை அளவுக்குக் கட்டி விழுந்தால், துர்நாற்றம், காய்ச்சல், தலைசுற்றல் இருந்தால், "அழுக்கு ரத்தம்தானே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லாவிட்டால் 108. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் இதே விதிதான். மாற்றிய நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். 1988-இல் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், நான் விழுவதற்கு முன்பே கிளம்பியிருப்போம்.

அந்தத் தாளைக் குறிப்பது யார்? தாய்க்குத் தூக்கமே இருக்காது. மாமியாருக்குக் கண் தெரியாது. கணவன்தான் குறிக்க வேண்டும். மாப்பிள்ளைகளே, அளவு தெரிந்துகொண்டு கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவு விலையில் பேட் செய்யும் இயந்திரம் கண்டுபிடித்தார், 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மனைவி துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்துத்தான் அவர் அதைத் தொடங்கினார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தம்பி மகளின் லிஸ்ட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். தாய்க்கு உள்ளது மேலே, பிள்ளைக்கு உள்ளது கீழே. தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டான். முதலில் நெளிந்தான், பிறகு "அப்போ எத்தனை பாக்கெட் அக்கா?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

வீட்டில் நிறைமாதப் பெண் இருந்தால் இன்றே அந்தப் பையைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்தத் தடவை யாரிடமும் "வீட்டில் படித்துக்கொள்" என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்