வெற்றியாளரின் வாய்மொழி போதுமா?

உலகின் முன்னணி சைக்கிளோட்ட வீரர்கள் ஊக்கமருந்து இன்றிப் போட்டியிடுகிறார்கள் என்று நம்பலாமா? அவர்களின் வாய்மொழியை மட்டும் வைத்து நம்ப முடியாது என்பதே எனது கருத்து.

அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் போட்டியில் தொடர்ந்து 7 தடவைகள் முதலிடம் பெற்றார். எந்தப் பரிசோதனையிலும் தாம் அகப்படவில்லை என்று பெருமை பேசினார். முன்னாள் சக வீரர்களே சாட்சியமளித்த பின்னர், 2012இல் அந்த 7 பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013இல் தொலைக்காட்சியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதைவிட என்னை வருத்துவது பிரெஞ்சு வீரர் கிறிஸ்தோப் பஸோனின் கதை. ஊக்கமருந்தைத் தொட மறுத்த அவர், 1999 போட்டியின்போது அதுபற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். சக வீரர்கள் அவரை ஒதுக்கினர். போட்டியை விட்டுப் போகும்படி ஆம்ஸ்ட்ரோங் சொன்னார். மனமுடைந்த பஸோன் இடைநடுவில் விலகினார். பொய் சொன்னவர் மேடையேறினார்; உண்மை சொன்னவர் வீடு திரும்பினார்.

"எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள்" என்று சொல்வோர், பஸோன் போன்றவர்களுக்கு மீண்டும் ஓர் அநீதி இழைக்கிறார்கள்.

2008 முதல், வீரர்களின் குருதி அளவுகளைத் தொடர்ச்சியாகப் பதிந்து ஒப்பிடும் 'உயிரியல் கடவுச்சீட்டு' நடைமுறையில் உள்ளது. மருந்து உடலை விட்டு நீங்கினாலும் குருதியில் அது ஏற்படுத்திய மாற்றம் காட்டிக்கொடுக்கும். இது நல்லதே. ஆயினும் ஆம்ஸ்ட்ரோங்கை வீழ்த்தியது மனிதர்களின் சாட்சியம் அல்லவா?

ஆகவே தோழியரே, வென்றவர் யார் என்று மட்டும் பார்க்காதீர்கள். உண்மை பேசியவரை அந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது என்றும் பாருங்கள். அவருக்கு அங்கே இடமிருந்தால் நம்பலாம்.