வெயிலுக்குக் காற்றைக் குறைக்காதீர்கள்

"வெயிலில் காற்று விரியும், அழுத்தம் ஏறும், டயர் வெடிக்கும், ஆகவே கோடையில் பத்து பவுண்டு குறைத்தே பிடி." லாரிக்காரர்கள் பலர் நம்பும் வாதம் இது. முதல் பாதி சரி. முடிவு தவறு.

ஒன்று. எவ்வளவு ஏறும்? 27 டிகிரியில் 120 பவுண்டு பிடித்த டயர் 67 டிகிரிக்குச் சூடானால் சுமார் 138 காட்டும். இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த டயருக்கான அளவைக் கம்பெனி சொல்கிறது. நீங்கள் எதற்கு இன்னொரு தடவை கழிக்கிறீர்கள்?

இரண்டு. டயரைக் கொல்வது வெயில் மட்டுமா? காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சைடுவால் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ரப்பர் உள்ளுக்குள்ளேயே வேகிறது. உள்ளிருக்கும் கம்பி இழை ரப்பரை விட்டுப் பிரிகிறது. சூட்டுக்குப் பயந்து சூட்டையே வளர்க்கிறோம். இதில் ஓவர்லோடு வேறு!

மூன்று. பின்னால் ஜோடி டயர். ஒன்றில் காற்று இறங்கினால் சுமை பக்கத்து டயரின் தலையில். உள் டயரைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? டீக்கடை வாசலில் கம்பியால் தட்டிப் பார்த்தால் அடியோடு இறங்கிய டயர் தெரியும். இருபது பவுண்டு குறைந்தது தெரியாது. வண்டி எடுக்கும் முன் கேஜ் வையுங்கள்.

"வெடித்தால் பிரேக் அடித்துச் சமாளிப்போம்" என்பது அடுத்த வீறாப்பு. முன் டயர் போனால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். பிரேக்கில் ஏறி நின்றால் பாரம் முன்னே சாய்ந்து இழுப்பு இன்னும் கூடும். ஸ்டீயரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பிறகுதான் ஓரங்கட்ட வேண்டும்.