தாராவி சொல்லும் கணினிப் பாடம்

புதுதில்லி: 2026-27 கல்வியாண்டு முதல் 3-ஆம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிவழிச் சிந்தனையும் கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அறிவிப்பு வெளியானது தில்லியில். ஆனால், அது வெற்றி பெறுமா என்பது மும்பையின் தாராவி போன்ற பகுதிகளில்தான் தீர்மானிக்கப்படும்.

இது திடீரென வந்த சிந்தனை அல்ல. நடுநிலை வகுப்புகளில் நிரல் எழுதும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. அடுத்த ஆண்டே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ), மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் இணைந்து 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அதற்கான பாடத்தை வெளியிட்டது.

கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது. ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பாடத்திட்டத்தில். நாட்டில் கணினி வசதியுள்ள பள்ளிகள் 64.7 சதவீதம் என்கிறது மத்திய அரசின் 2024-25 புள்ளிவிவரம். அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பள்ளிகளில் கணினியே இல்லை.

குழாயடியில் பிறந்த செயலி: பள்ளிகள் செய்யாததை தாராவியில் ஒரு சிறு முயற்சி செய்து காட்டியது. தாராவியைப் பற்றி 2012-இல் ஆவணப்படம் எடுத்த நவ்நீத் ரஞ்சன், பின்னர் அங்கேயே 'தாராவி டைரி' என்ற பெயரில் சிறுமிகளுக்குக் கணினி வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இலவசமாக வழங்கும் 'ஆப் இன்வென்டர்' மென்பொருளே அங்கு கருவி. கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டங்களைக் கோத்தே கைப்பேசிச் செயலியை உருவாக்க அது உதவுகிறது.

அச்சிறுமிகள் உருவாக்கிய செயலிகள் கவனத்துக்குரியவை. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க முறை வந்ததும் தகவல் தருவது 'பானி'. ஆபத்தில் இருக்கும் பெண் பொத்தானை அழுத்தினால் ஒலி எழுப்பி, அவர் இருக்குமிடத்தை வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பது மற்றொன்று. வரிசையில் காத்திருந்து படிப்பை இழக்கும் பிள்ளைக்கே தண்ணீர்ச் செயலியின் தேவை தெரியும். ஆர்வம் விளம்பரத்திலிருந்து அல்ல, அன்றாடத் தொல்லையிலிருந்து பிறந்தது.

அச்சம் விற்ற சந்தை: இதே மும்பையில் 2018-இல் தொடங்கப்பட்ட 'வொயிட்ஹாட் ஜூனியர்' நிறுவனம் வேறு பாதையில் சென்றது. கணினி கற்ற சிறுவனுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம் என்ற அதன் விளம்பரங்கள் நடுத்தரக் குடும்பங்களைக் கலங்கடித்தன. அந்தச் சிறுவன் கற்பனைப் பாத்திரம் என்பது பின்னர் தெரியவந்தது. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் கேட்டுக்கொண்டதால், 2020-இல் சில விளம்பரங்கள் விலக்கிக் கொள்ளப்பட்டன. அதே ஆண்டில் 30 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கிய 'பைஜூஸ்', 2024-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

அரசு ஒதுங்கி நின்ற இடத்தில் சந்தை புகுந்தது. பணம் உள்ளவர் ஏமாந்தார். இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

மும்பை மாநகராட்சி 2015-இல் தனது 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கையடக்கக் கணினிகளை வழங்கியது. புத்தகச் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால், பாடத்தைத் திரையில் படிப்பது வேறு; திரையில் இயங்குவதைத் தானே உருவாக்குவது வேறு.

மொழியும் தடை: மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் தாராவியில் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் கணினியையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத முடியும் என்பதை முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல் மொழி பல ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டது. அதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லத்தான் எந்த அரசும் முனையவில்லை.

கற்பிக்க ஆளில்லை என்பதும் ஏற்கத்தக்க சாக்கு அல்ல. 1887-இல் தொடங்கப்பட்ட வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம், தாராவியை அடுத்துள்ள மாதுங்காவில் இருக்கிறது. செம்பூரிலும் பொறியியல் கல்லூரி உண்டு. அவற்றின் மாணவர்கள் வாரத்தில் இரு மாலைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் கற்பிப்பதைப் படிப்பின் ஒரு பகுதியாக்கி, மதிப்பெண்ணும் அளித்தால் பெருஞ்செலவு ஆகாது.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் குழந்தைகள் எதற்காக அதைக் கற்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். இயந்திரம் கட்டளைகளை எழுதித் தரலாம். ஆனால் குழாயடி வரிசையில் என்ன சிக்கல், அதை எந்தப் படிகளாகப் பிரித்துத் தீர்ப்பது என்று சொல்ல வேண்டியவர் மனிதரே. அந்தச் சிந்தனைப் பழக்கம்தான் பாடத்தின் சாரம்.

3-ஆம் வகுப்புக்குப் புதிய புத்தகம் அச்சிடுவது எளிது. கணினி, ஆசிரியர், தாய்மொழி ஆகிய மூன்றையும் ஏழைப் பள்ளிக்கு உறுதி செய்யாமல் அப்புத்தகத்தை மட்டும் அனுப்பினால், ஏற்கெனவே உள்ள இடைவெளிக்கு அரசே முத்திரை குத்தியதாக ஆகிவிடும்.