குளிக்கத்தானே ஐயா அறை?

குளியலறை குளிப்பதற்காகக் கட்டப்படுகிறது என்று யாராவது இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், அவர் சமீபத்தில் சென்னையில் எழும்பிய அடுக்குமாடி வீடுகளைப் பார்க்காதவர் என்று தீர்மானித்துவிடலாம். அங்கே அது காட்டுவதற்காகக் கட்டப்படுகிறது. முகம் பார்த்துக்கொள்ளலாம் போன்ற வழவழப்பான தரை. வாசலில் நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு கல். உட்புறமாகத் திறக்கும் இரண்டரை அடிக் கதவு. முழங்கால் மடங்காத பாட்டியும், பக்கவாதத்தில் ஒரு கை சோர்ந்துபோன தாத்தாவும் இத்தனை அழகையும் தாண்டிப்போய்த்தான் ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

"விழுந்துவிடுவார்களே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆள் வைத்துக் குளிப்பாட்டினால் போகிறது!" என்பார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! நாற்பது வருஷம் குடும்பத்தைச் சுமந்த மனிதர், தம் இடுப்புத் துணியை இன்னொருவர் அவிழ்ப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கூச்சத்தில் அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கிறார். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை. "அப்பா குளிக்கவே மாட்டேன் என்கிறார், வயசாகிவிட்டது" என்று பிள்ளை அலுத்துக்கொள்கிறான். அட அசடே! அவர் குளிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை; உன் எதிரே குளிக்க மாட்டேன் என்கிறார்.

கையில் பணம் புரளும் பிள்ளைகள் வேறு ரகம். வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் கதவு வைத்த குளியல் தொட்டி வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். குளிர் தேசத்தில், வலிக்கிற மூட்டு வெந்நீரில் அமிழ்ந்திருப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொட்டியின் சங்கதி என்ன? உள்ளே போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்த பிறகுதான் தண்ணீரைத் திறக்கலாம். நிரம்புகிற வரையில் காத்திருக்க வேண்டும். குளித்து முடித்ததும், அவ்வளவு தண்ணீரும் வடிந்தாலொழியக் கதவைத் திறக்க முடியாது. அதுவரை கிழவர் ஈர உடம்போடு உள்ளே சிறையிருக்க வேண்டும்! நூறு லிட்டருக்கு மேல் விழுங்கும் இந்தத் தொட்டியை, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் வாங்கி வைக்கப் போகிறார்களாம்.

வேண்டியது தொட்டியே அல்ல. வாசற்கல்லைப் பெயர்த்துவிட்டு, தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் கொடுங்கள். கால் வழுக்காத சொரசொரப்பான ஓடு பதியுங்கள். முழங்கால் உயரத்தில், காலுக்கு ரப்பர் போட்ட, ஆடாத நாற்காலி ஒன்று. கையில் எடுத்து ஊற்றிக்கொள்ள நீண்ட குழாயுள்ள ஷவர். அதற்கு வசதியில்லையென்றால், குனியாமல் எட்டும்படி வாளியை ஒரு பலகையின் மேல் தூக்கி வைத்தாலும் போதும். சக்கர நாற்காலி நுழைய வேண்டுமானால் வாசல் 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

கைப்பிடி விஷயத்தில்தான் பெரிய மோசம் நடக்கிறது. துண்டு போடும் கம்பி ஒன்றை மாட்டிவிட்டு, "பிடித்துக்கொள்ளத்தான் கம்பி இருக்கிறதே" என்கிறார்கள். அது ஈரத் துண்டைத் தாங்கும். சரிகிற மனிதரைத் தாங்காது, அவரோடு சேர்ந்து தானும் வந்துவிடும். செங்கல்லுக்குள் ஆழமாக இறக்கி முடுக்கிய கைப்பிடியாக இருந்தால்தான் ஆள் பாரம் நிற்கும். சுவர் பூசும்போதே சொன்னால் கொத்தனாருக்கு இது பெரிய வேலையும் அல்ல.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறது. இதற்கான அளவுகள் வெறும் யோசனையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் எந்த அதிகாரியும் உங்கள் வீட்டுக் குளியலறையைச் சோதனை போட வரப்போவதில்லை.

பூஜை அறைக் கதவுக்கு எத்தனை மணி தொங்கவிடலாம் என்று தச்சரோடு ஒரு மணி நேரம் விவாதிக்கிற குடும்பத் தலைவர்கள், குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உட்புறமாகத் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்து கிடப்பவர் மேல்தான் அதைத் தள்ளித் திறக்க வேண்டியிருக்கும்.