கை தட்டுவது யாருக்கு?



சென்ற வெள்ளியன்று பூஜை முடிந்து மண்டபத்தில் பிரசாதத்துடன் உட்கார்ந்திருந்தபோது, நமது மூத்த அங்கத்தினர் ஒருவர் ஒரு பையனைக் கடிந்துகொள்வதைக் கேட்க நேர்ந்தது. பையன் செய்த குற்றம் பெரிதில்லை. கையில் இருந்த போனில் பழைய விம்பிள்டன் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஆண்டி மர்ரே ஒரு பந்தை அடித்ததும் "பலே!" என்று கை தட்டிவிட்டான். "நம்மை ஆண்டவனுக்கா கை தட்டுகிறாய்? உன் உடம்பில் ஓடுவது இந்திய இரத்தம் இல்லையா?" என்றார் பெரியவர். "தாத்தா, அவர் இங்கிலீஷ்காரர் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்" என்றான் பையன். "எல்லாம் ஒன்றுதான்" என்று பெரியவர் வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எல்லாம் ஒன்றா என்று மர்ரேயைத்தான் கேட்க வேண்டும். 2006-ல் உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, இங்கிலாந்துக்கு எதிராக எந்த அணி ஆடினாலும் அதற்கே என் ஆதரவு என்று வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னார். அப்போது அவருக்கு வயது 19. அந்த வேடிக்கையை இங்கிலாந்தில் பலர் வருஷக்கணக்கில் மன்னிக்கவில்லை. ஜெயித்தால் பிரிட்டிஷ்காரர், தோற்றால் ஸ்காட்லாந்துக்காரர் என்று அவரைப் பற்றி அங்கே ஒரு கேலியே உண்டு. 2013 ஜூலை 7-ந் தேதி ஜோகோவிச்சை வென்று, 77 வருஷங்களுக்குப் பிறகு பிரிட்டனுக்கு ஆண்கள் விம்பிள்டன் பட்டத்தைக் கொண்டுவந்தபோது, கேலி செய்தவர்களும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். மறுவருஷமே ஸ்காட்லாந்து பிரிந்துபோகலாமா என்ற வாக்கெடுப்பு வந்தது. பிரிவினைக்குச் சாதகமாக அவர் ஒரு வரி எழுதியதும் பழையபடி வசைமாரி. அடுத்த வருஷம், 2015-ல், அதே மனிதர்தான் பிரிட்டனுக்காக ஆடி டேவிஸ் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். 1936-க்குப் பிறகு அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் டேவிஸ் கோப்பை அது.

இதில் அவர் யாருக்குத் துரோகம் செய்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

1990-ல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி ஒரு பரீட்சை வைத்தார். ஆசியாவிலிருந்து வந்து பிரிட்டனில் குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கை தட்டுகிறார்கள் என்று பாருங்கள், அதிலே தெரிந்துவிடும் என்றார். நம்மவர்கள் அதைக் கேட்டால் கொதிப்போம். இந்தப் பரீட்சை நமக்குப் புதிதல்ல. 1964-ல் கடைகளை இழந்து கப்பலேறியவர்களின் உறவினர் நாம். 1982-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்துக்குப் பின், இளஞ்சிவப்பு அட்டையா, நீல அட்டையா, பச்சை அட்டையா என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீ எந்த ஊர்க்காரன் என்று வெளியார் கேட்டால் நமக்கு நெஞ்சு வலிக்கிறது. அதே கேள்வியைக் கோயில் மண்டபத்தில் நம் பேரப்பிள்ளைகளிடம் நாமே கேட்கலாமா?

கப்பலேறிப் போனவர்களைத் தமிழ்நாட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? பர்மாக்காரர்கள். சென்னையில் அவர்கள் கடை போட்ட இடத்துக்குப் பெயர் பர்மா பஜார். இங்கே இந்தியர், அங்கே பர்மாக்காரர். திரும்பி வர நினைத்து எல்லையிலேயே தங்கிவிட்ட தமிழர்கள் மணிப்பூரில் மோரே என்ற ஊரில் இருக்கிறார்கள். அதே மணிப்பூரின் இம்பாலில் 2023 மார்ச்சில் இந்தியாவும் மியன்மாவும் கால்பந்து ஆடின. இந்தியா ஒரு கோலில் ஜெயித்தது. அந்த மோரேத் தமிழர் அன்றைக்கு யாருக்குக் கை தட்டியிருப்பார்? எனக்கென்னவோ, நல்ல உதை விழுந்தபோதெல்லாம் தட்டியிருப்பார் என்றே தோன்றுகிறது.

நம் பெரியவர் மீது எனக்குக் கோபமில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனதை அவர் சொல்லக் கேட்க வேண்டும், பிரசாதம் ஆறிப்போகும். அந்த அபிமானத்தை யாரும் அவரிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் கூர்க்கா வம்சத்தில் வந்த சுக் பகதூர் பர்மா கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்தபோது, இரங்கூன் மைதானத்தில் அவருக்குக் கை தட்டிய ஜனங்கள் அவர் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று விசாரித்துவிட்டா தட்டினார்கள்?

1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டு நடந்தபோது நான் சிறுவன். கால்பந்து அரையிறுதியில் பர்மாவும் இந்தியாவும் மோதின. என் தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். ரேடியோவுக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி, கீழே நான். பர்மா இரண்டாவது கோல் போட்டதும் நான் துள்ளிக் குதித்துவிட்டு, சட்டென்று பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார். அந்த ஆட்டத்தில் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றது. பர்மாவும் தென் கொரியாவும் தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலுக்கு இரண்டு தேங்காய் வாங்கி வந்தார். எது எந்த நாட்டுக்கு என்று அவரும் சொல்லவில்லை, குருக்களும் கேட்கவில்லை.