லோ-கார்ப் சாப்பிட பாதாம் பட்ஜெட் தேவையா?

சம்பளம் வந்ததும் கீட்டோ மாவு, பாதாம் ரொட்டின்னு ஆர்டர் போடறீங்களா? முதல்ல ஒரு கணக்கு.

தமிழ்ல பேலியோ பிரபலமானப்போ காலை உணவுன்னாலே 100 பாதாம்தான். அது சுமார் 100 கிராம், கிலோ 900 ரூபாய்னு வைங்க. மாசம் 2,700 ரூபாய்! ரேஷன் அரிசியோ தமிழ்நாட்டுல 2011லிருந்து இலவசம். மாவுச்சத்து மலிவு, புரதத்துக்குத்தான் காசு. தட்டு சோறா நிரம்பறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2025ல வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி, நாம சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து. சோத்தை விட்டுட்டு சப்பாத்தி, சிறுதானியம்னு மாறினா மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையலைன்னும் அது சொல்லுது. மொத்த அளவு குறையணும், அந்த இடத்துக்குப் புரதம் வரணும்.

அதுக்கு பாதாம்தான் வேணுமா? 100 கிராம் பாதாம்ல புரதம் சுமார் 21 கிராம், வேர்க்கடலையில 25. விலையோ பல மடங்கு கம்மி. பேலியோவுல கடலைக்கு இடமில்ல. லோ-கார்புக்கு அளவா சாப்பிடலாம். திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கீங்கன்னா விருத்தாசலம் கடலையும் முதுநகர் துறைமுகத்து மத்தியும் பக்கத்துலயே இருக்கு. கூடவே முட்டை, தயிர். சோத்தைப் பாதியாக்கி, மீதி இடத்துல முட்டைக்கோஸ் பொரியல் வைங்க.

ஒரே நாள்ல நிறுத்தினா தலைவலி, சோர்வு வரலாம், படிப்படியா குறைங்க. சர்க்கரை மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

என் கருத்து இதுதான்: மாசக் கடைசியில கட்டுப்படியாகாத டயட், அடுத்த மாசம் நிக்காது.