அக்காவைக் கேட்டீங்களா?

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டலில் மாடிக்கு ரெண்டு குப்பைத் தொட்டி வந்தது. பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததுக்கு. திறப்பு விழா, போட்டோ, இன்ஸ்டா ஸ்டோரி எல்லாம் அமர்க்களம். மூணாவது வாரம் எட்டிப் பார்த்தா பச்சையில் சிப்ஸ் கவர், நீலத்தில் பாதி தின்ற பரோட்டா, கூடவே சால்னா பாக்கெட். போஸ்டர் டிசைன் பண்ணினவன் நான்தான். அதனால் இந்தத் தோல்வியைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு.

"பசங்களுக்கு அக்கறையே இல்லை" என்றுதான் நானும் முதலில் புலம்பினேன். நடந்தது வேறு. முதல் வாரம் நிறைய பேர் ஒழுங்காகப் பிரித்துத்தான் போட்டார்கள். ஒரு நாள் காலையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ரெண்டு தொட்டியையும் ஒரே சாக்கில் கொட்டியதை எங்க விங்கில் ஒருத்தன் பார்த்துட்டான். "அவங்களே ஒண்ணாத்தான் கொட்டுறாங்க மச்சான், நாம எதுக்குப் பிரிக்கணும்?" அவ்வளவுதான், மாடி முழுக்க பரவிடுச்சு.

ரொம்ப லேட்டாக அக்காவிடம் போய்க் கேட்டேன். "வர்றது ஒரே வண்டி தம்பி. நான் பிரிச்சுக் கொடுத்தாலும் அதுல ஒண்ணாத்தான் போகும். தொட்டி வெக்கிறப்ப என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். கேட்கவில்லைதான். எத்தனையோ மீட்டிங் போட்டோம், ஒன்றுக்குக்கூட அவரைக் கூப்பிடத் தோணவில்லை.

குப்பையை உருவாக்குகிறவரே ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொன்னன. விதி இருந்தது, தொட்டியும் வந்தது. நடுவில் இருக்கிற மனுஷங்களைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கதை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட திட்டம், பலனும் கொடுத்தது. ஆனால் எத்தனை வீட்டில் அந்தக் குழியைத் தூர் வாரினார்கள்? பைப் போட்டதோடு மறந்தவங்கதான் அதிகம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். மழை பொய்த்ததுதான் முக்கியக் காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் சட்டம் குழியை வெட்ட வைக்கும். வருஷா வருஷம் அதைச் சுத்தம் பண்ண பக்கத்து வீட்டுக்காரர் கேட்கணும், அபார்ட்மெண்ட் சங்கம் கேட்கணும்.

இன்னொரு உதாரணம் சொன்னால் சிரிப்பீங்க: டாஸ்மாக். நீலகிரி காடுகளில் வீசப்பட்ட பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற பிரச்சினை உயர்நீதிமன்றம் வரை போய், 2022-ல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறை வந்தது. குடிக்கிறவர்களுக்கு யாரும் இயற்கை பற்றி வகுப்பு எடுக்கவில்லை. பாட்டில்கள் திரும்பி வந்தன. மற்ற மாவட்டங்களுக்கு விரிந்தபோது, ஸ்டிக்கர் ஒட்டுவதும் பாட்டிலை அடுக்குவதும் யார் வேலை என்று கடை ஊழியர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். எனக்கு எங்க அக்காதான் ஞாபகம் வந்தார்.

அதனால் இந்த செமஸ்டர் ரெண்டாவது மாடியில் மட்டும் வேற மாதிரி முயன்றோம். போஸ்டர் கிடையாது. அக்காவோடு உட்கார்ந்து எது எங்கே போகுதுன்னு கேட்டோம். அப்போதான் தெரிஞ்சது, பாதிக்கு மேல் ஏற்கெனவே வழி இருக்கு! மெஸ்ஸில் மிஞ்சும் சோற்றை ஒருத்தர் பன்றித் தீவனத்துக்கு தினமும் டிரம்மில் எடுத்துப் போகிறார். பேப்பர், அட்டை, பாட்டிலை அக்காவே பழைய பேப்பர் கடையில் போடுகிறார். ஆனால் சால்னா ஊறின அட்டையைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதாவது நாம் ஒண்ணாகக் கொட்டும்போது போவது அவர் கைக்காசு.

இதை மாடியில் சொன்னதும் வேலை சுலபமாச்சு. படிக்கட்டு ஓரம் ஒரு சாக்கு, சுத்தமான காய்ந்த குப்பை மட்டும், அது முழுக்க அக்காவுக்கு. "பூமியைக் காப்போம்" என்றால் கண்டுக்காதவன்கூட, "அக்காவோட சாக்குடா அது, அதுல ஏன் போடுற?" என்று ஜூனியரை அதட்டுகிறான். (அதட்டாமலும் சொல்லலாம். பிரிக்காதவனைக் குற்றவாளி மாதிரி பார்த்தால் அவன் வேண்டுமென்றே கலந்து கொட்டுவான். அனுபவம்.) இன்டர்னல்ஸ் வாரத்தில் மட்டும் எல்லாம் சொதப்பிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்சல் பிரிக்கிறவனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

"ஃபேக்டரிக்காரன் ஆற்றில் கழிவை விடுறான், நீ சிப்ஸ் கவரைப் பிரிச்சு என்ன ஆகப்போகுது?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான், கவரால் ஆறு சுத்தமாகாது. ஆனால் நிர்வாகத்திடம் ஈரக் குப்பைக்குத் தனி வண்டி, இல்லைன்னா பின்னாடி ஒரு உரக்குழி வேண்டும் என்று போன வருஷம் நாங்க மூணு பேர் போய்க் கேட்டோம். "பார்க்கலாம்" என்றார்கள். இந்தத் தடவை லெட்டரில் ரெண்டாவது மாடி முழுக்கக் கையெழுத்து போட்டிருக்கு. கூடவே அக்காவின் பெயரில் ஒரு கோரிக்கை: கையுறை, அதுவும் கிழிஞ்சதும் மாற்றித் தரணும். அதை முதல் வரியாகவே போட்டோம்.

வார்டன் லெட்டரை வாங்கி வைத்திருக்கிறார். "மத்த மாடிப் பசங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். ஒண்ணாவது மாடியில் பேசியாச்சு. மூணாவது மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் போறோம், அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.